பதினொன்றாம் நாள் கணக்கு: சினை பிடிக்காத ஒரு ராஜபாளையம் பெட்டை

நாய்: ராஜபாளையம் பெட்டை. வயது 3 ஆண்டு 8 மாதம். எடை 24 கிலோ. முழு வெள்ளை, ரோஸ் மூக்கு. குறை: இரண்டு ஹீட்டில் (இணைசேரும் பருவத்தில்) கடுவனோடு சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. வளர்ப்பவர் கேட்டு வந்தது: சினை நிற்க ஒரு ஊசி.

இது ஒரே நாயின் கோப்பு அல்ல. நாய் மருத்துவத்தில் திரும்பத் திரும்ப ஒரே முகத்தோடு வரும் பல நிகழ்வுகளைச் சேர்த்து, கற்பதற்காக அமைத்த ஒன்று. எண்கள் எல்லாம் இத்தகைய நாயிடம் எதிர்பார்க்கக்கூடிய அளவிலேயே உள்ளன.

முன்கதை

முதல் ஹீட் 14 மாதத்தில் வந்தது. பிறகு 7 முதல் 8 மாதத்துக்கு ஒருமுறை. இது இயல்பான இடைவெளிதான். சேர்த்த இரண்டு ஹீட்டிலும் ரத்தம் கண்ட 11ஆம் நாளும் 13ஆம் நாளும் கடுவனிடம் கொண்டுபோனார்கள். முதல் நாள் பெட்டை உட்கார்ந்துகொண்டது. வாயைக் கட்டி, இருவர் பிடித்து நிறுத்தினார்கள். நான்கு தடவையும் லாக் ஆனது, அதாவது சேர்க்கையில் இரண்டும் பிரியாமல் பூட்டிக்கொண்டன. ஆகவே கடுவன் பக்கம் குறையில்லை, கோளாறு பெட்டையிடம்தான் என்று வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள்.

வளர்ப்பவர் முக்கியமில்லை என்று நினைத்துச் சொன்ன ஒரு விஷயம்தான் இந்த நிகழ்வின் சாவி. இரண்டாவதாகச் சேர்த்த ஹீட் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பெட்டையின் மடி பெருத்து, பால் கசிந்து, துணிகளை இழுத்து மூலையில் குவித்தது. சினைதான் என்று காத்திருந்தார்கள். குட்டி வரவில்லை. 'கலைஞ்சிருச்சு' என்றார்கள்.

கலையவில்லை. அது பொய்ச்சினை. பெண் நாய்க்குக் கருமுட்டை வெளிவந்த பிறகு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் ஏறத்தாழ இரண்டு மாதம் உயர்ந்தே இருக்கும். அது இறங்கும்போது பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஏறும், பால் வரும். மாட்டுக்குப் புரோஜெஸ்டிரோன் பார்த்துச் சினை சொல்வதுபோல் நாய்க்குச் சொல்ல முடியாததும் இதனால்தான். ஆனால் பொய்ச்சினை ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: அந்த ஹீட்டில் கருமுட்டை வெளிவந்திருக்கிறது. முட்டையை வெளியேற்றும் ஊசி இந்தப் பெட்டைக்குத் தேவையில்லை. முட்டை வந்தது, விந்தும் வந்தது; இரண்டும் ஒரே நேரத்தில் வரவில்லை என்பதுதான் முதல் சந்தேகம்.

ஹீட் இல்லாத காலத்தில் செய்த பரிசோதனை

அடுத்த ஹீட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்தது நல்லது. ஹீட் தொடங்கிய பிறகு வந்தால் பாதிச் சோதனைக்கு நேரம் இருக்காது.

முதலில் புருசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று. சினை பிடிக்காமை, 45 நாளுக்குப் பிறகு கலைதல், கடுவனுக்கு விதை வீக்கம் என்று எந்த முகத்திலும் இது வரலாம். மனிதருக்கும் தொற்றும், கலைந்த குட்டியை வெறுங்கையால் எடுப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். ரத்தச் சோதனையில் தொற்று இல்லை. தொற்று ஏறிய முதல் சில வாரங்களில் சோதனை ஏமாற்றலாம் என்பதால், ஹீட்டுக்குச் சற்று முன் மறுபடி பார்க்க வேண்டும். கடுவனுக்கும் அதே சோதனை கட்டாயம். 'எங்க நாய் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை' என்பது சோதனைக்கு ஈடாகாது.

அடுத்து ரத்த அணுக்கள், உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனை. நம் பக்கத்தில் உண்ணி இல்லாத மாதம் இல்லை. அந்தக் காய்ச்சலின் கிருமியான எர்லிக்கியாவைச் சினைக்கு முன்பே கண்டால் டாக்சிசைக்ளின் கொடுத்துத் தீர்க்கலாம். சினையில் கண்டால் அந்த மருந்து குட்டிகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் என்ற இக்கட்டு வரும். இவளுக்கு எதுவுமில்லை. விரல் சோதனையில் பிறப்புறுப்புப் பாதையில் சவ்வோ இறுக்கமோ இல்லை. ஸ்கேனில் கருப்பை மெலிதாக, நீர் கோக்காமல் இருந்தது.

யோனித் திரவத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்த்துப் பார்க்க, அனுப்பவில்லை. அனுப்பினால் ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று ஏதாவது வளரத்தான் செய்யும். நலமான பெட்டையிலும் அவை உண்டு. அந்தத் தாளைப் பார்த்து இணைசேர்ப்புக்கு முன் பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுப்பது பரவலான பழக்கம். நல்ல கிருமிகளை அழித்து முரட்டுக் கிருமிக்கு இடம் விடுவதுதான் அதன் பலன்.

கடுவன் பக்கமும் பார்க்கப்பட்டது. மொத்த விந்தணு 40 கோடி, நேராக நீந்துபவை 80 விழுக்காடு, வடிவம் சரியானவை 85 விழுக்காடு. குறையொன்றுமில்லை. ஒன்றை இங்கே நினைவில் வைக்க வேண்டும்: நாயின் விதையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 60 நாள் ஆகும். கடுங்காய்ச்சலில் கிடந்த கடுவன் எழுந்து ஓடத் தொடங்கிய பிறகும் இரண்டு மாதம் மலடாக இருக்கலாம். போன வருடம் குட்டி கொடுத்தது இந்த வருடத்துக்குச் சான்று ஆகாது.

ஆனால் வம்சத் தாளை விரித்தபோது வேறொன்று வந்தது. பெட்டைக்கும் கடுவனுக்கும் அப்பா ஒன்றே. இவர்கள் சேர்ந்தால் குட்டிகளின் உள்வம்சக் கெழு (ஒரே மூதாதையின் ஒரே மரபணு இரு பக்கமும் வந்துசேரும் வாய்ப்பு) இந்த ஒரு உறவினால் மட்டுமே 12.5 விழுக்காடு. தாய்மாமன், சகோதரி மகள் உறவுக்கும் இதே எண்தான். கூடப்பிறந்தவை சேர்ந்தால் 25. உள்வம்சம் கூடக்கூட ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறையும், பிறந்தவையும் அதிகம் சாகும். ராஜபாளையம் ஏற்கெனவே சிறிய வட்டத்துக்குள் சுற்றும் இனம். கடுவனை மாற்ற முடிவானது. புதிய கடுவன் நான்கு தலைமுறைக்கு உறவில்லாதவன், புருசெல்லா இல்லை, விந்து நன்று. அவனும் முழு வெள்ளை.

அந்தக் கடைசி வாக்கியத்தில் யாரும் நிற்கவில்லை.

சேர்த்த மூன்றாவது ஹீட்

வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைத்து, முதல் ரத்தக் கறை கண்ட நாளை 1 என்று குறித்தார்கள். பெட்டை தன்னை நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்; துணி இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் பிசகும். அந்தப் பிசகுதான் 11ஆம் நாள் கணக்கின் முதல் ஓட்டை. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது: ரத்தம் தொடங்கியதிலிருந்து ஏற்கும் பருவம் வரை சராசரி 9 நாள் என்றாலும், 3 முதல் 17 நாள் வரை நாய்க்கு நாய் மாறும். ஒரே நாய்க்கும் ஹீட்டுக்கு ஹீட் மாறும்.

யோனியிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்த செல்களும் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோனும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. அளவுகள் ஒரு மில்லிலிட்டருக்கு நானோகிராமில்:

5ஆம் நாள் 0.3. தகட்டில் உருண்டைச் செல்கள், நிறையச் சிவப்பணுக்கள்.
8ஆம் நாள் 0.5.
11ஆம் நாள் 0.7. பழைய கணக்கின்படி கடுவனிடம் போயிருக்க வேண்டிய நாள்.
13ஆம் நாள் 0.9. செல்களில் 80 விழுக்காடு தட்டையாகி விளிம்பு மடிந்தவை.
15ஆம் நாள் 2.1.
17ஆம் நாள் 5.8.
19ஆம் நாள் 13.4.

புரோஜெஸ்டிரோன் 2 அருகே வரும் நாள், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்எச் ஹார்மோன் எழும் நாள். அதிலிருந்து ஏறத்தாழ இரண்டு நாளில், அளவு 5 சுற்றி இருக்கும்போது, முட்டை வெளிவரும். மற்ற கால்நடைகளுக்கும் நாய்க்கும் உள்ள வேறுபாடு இதன் பிறகு: நாயின் முட்டை முதிராமல் வெளிவருகிறது. விந்தணுவை ஏற்க அதற்கு இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். எனவே 17ஆம் நாள் வந்த முட்டை தயாராவது 19இலிருந்து. 13ஆம் நாள் உள்ளே போன விந்தணு ஆறு நாள் காத்திருக்க வேண்டும், 11ஆம் நாளினது எட்டு நாள். நல்ல விந்தணு பெட்டையின் உள்ளே ஐந்து முதல் ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். முந்தைய ஹீட்டுகளும் இதே போக்கில் போயிருந்தால், பெரும்பாலானவை வாசலிலேயே செத்திருக்கும்.

11ஆம் நாள் பெட்டை உட்கார்ந்தது அடம் அல்ல, தகவல். வாயைக் கட்டியபோது கட்டியது அந்தத் தகவலைத்தான்.

ரத்தச் சோதனை செய்வோர் இடறும் இடங்கள் மூன்று. ஜெல் உள்ள குழாயில் எடுத்தால் ஜெல் ஹார்மோனை உறிஞ்சி அளவைக் குறைத்துக் காட்டும். சாதாரணச் சிவப்பு மூடிக் குழாய் போதும். எடுத்த கையோடு முழு ரத்தத்தை ஐஸில் வைத்தாலும் குறையும். உறையவிட்டு, சீரத்தைப் பிரித்த பிறகு குளிரூட்டலாம். மூன்றாவது, அலகு. மனிதருக்கான லேபில் கொடுப்பதில் தவறில்லை, ஹார்மோன் ஒன்றேதான். ஆனால் சில லேப்கள் நானோமோலில் எழுதும். ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது ஒரு லிட்டருக்கு 3.18 நானோமோல். 6 நானோமோல் என்று வந்த தாளை 6 நானோகிராம் என்று படித்தால், எல்எச் எழும் நாளை முட்டை வந்த நாள் என்று எண்ணி இரண்டு நாள் முந்திப் போய்விடுவீர்கள். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே லேப், ஒரே கருவி என்று வைத்துக்கொள்வது நல்லது.

19, 21ஆம் நாட்களில் விடியற்காலையில் பெட்டையைக் கடுவனின் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். யாரும் பிடிக்கவில்லை, வாலை ஒதுக்கி நின்றது. லாக் முதல் தடவை 18 நிமிடம், அடுத்தது 12. லாக்கில் இருக்கும்போது இழுத்துப் பிரிக்கக்கூடாது, இரண்டுக்குமே காயம்படும். 21ஆம் நாளோடு வேலை முடிந்தது என்று வாசலைத் திறந்துவிடவும் கூடாது. இன்னும் சில நாள் எந்தக் கடுவனையும் ஏற்கும், ஒரே ஈற்றில் இரண்டு அப்பன் குட்டிகள் பிறக்கும். தெருநாயிடமிருந்து பிறப்புறுப்புக் கட்டியும் ஒட்டும். நம் ஊர்களில் அது அரிதல்ல.

கடுவனும் மாறியது, நாளும் மாறியது. எது சினை பிடிக்கவைத்தது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வி நியாயமானது. முழு உறுதியோடு சொல்ல முடியாது. பழைய கடுவனின் விந்து நன்றாக இருந்தது, முட்டை வந்தது என்ற இரண்டையும் வைத்தால் நாள்தான் முதல் குற்றவாளி.

சினைக்காலம்

முட்டை வந்த நாளிலிருந்து 28ஆம் நாள் ஸ்கேன். ஐந்து இதயத்துடிப்பு தெரிந்தது. ஸ்கேனில் எண்ணிக்கையை நம்பக்கூடாது. உயிர் இருக்கிறதா என்பதற்குத்தான் ஸ்கேன், எண்ணுவதற்கு எக்ஸ்ரே.

இந்த வீட்டில் வழக்கப்படி கால்சியம் சிரப் வாங்கி வைத்திருந்தார்கள். நிறுத்தச் சொன்னது ஏனென்றால், வெளியிலிருந்து கால்சியம் கொட்டினால், எலும்பிலிருந்து அதை எடுத்துத் தரும் பாராதைராய்டு சுரப்பி சோம்பிப்போகும். குட்டி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும்போது தேவை திடீரென்று ஏறும், சுரப்பி எழாது. நடுக்கம், விறைப்பு, வலிப்பு, சாவு என்று மணிக்கணக்கில் போகும். வராமல் இருக்கக் கொடுத்த மருந்தே வரவழைக்கும். சிறிய இன நாய்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

உணவை முதல் ஆறு வாரம் கூட்டவில்லை. கடைசி மூன்று வாரத்தில் மெல்ல, மூன்றில் ஒரு பங்கு வரை. தயிர்ச்சோறும் ராகிக் கஞ்சியும் மட்டும் தின்ற பெட்டைக்குப் புரதம் போதாது. முட்டை, கோழி, அல்லது குட்டிகளுக்கான தீவனம் சேர்க்க வேண்டும். 40ஆம் நாளிலிருந்து, குட்டி போட்டு 14 நாள் வரை மருத்துவர் சொன்னபடி தினமும் ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 50 மில்லிகிராம். தாயின் தசையில் உறங்கும் புழுக்கள் சினையில் விழித்துக் குட்டிக்குள் போவதைத் தடுக்க. தடுப்பூசிகள் ஹீட்டுக்கு முன்பே முடிந்திருந்தன.

57ஆம் நாள் எக்ஸ்ரேயில் ஆறு மண்டையோடு.

ஈற்று

நாலடிக்கு நாலடிப் பெட்டி. உட்புறச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி, நான்கு அங்குல உயரத்தில் சுற்றிலும் ஒரு கட்டை. தாய் சாயும்போது குட்டி சுவரோடு நசுங்காமல் அந்த இடுக்கில் ஒதுங்கும். குட்டிகளின் மூலையில் 30 டிகிரி; ஆனால் தாய்க்கு மேலே நேராக விளக்கு தொங்கினால் அவள் மூச்சிரைத்து எழுந்து போய்விடுவாள். நம் வெயிலில் குட்டி குளிர்வதைவிடத் தாய் வேகுவதுதான் அதிகம் நடக்கிறது.

58ஆம் நாள் முதல் தினம் மூன்று முறை ஆசனவாய் வெப்பம். 38.1, 38.0 என்று போனது 62ஆம் நாள் இரவு 37.0. மறுநாள் காலை முதல் குட்டி, 63ஆம் நாள். முதல் சேர்க்கையிலிருந்து எண்ணினால் 61. சேர்த்த நாளை வைத்து எண்ணுவோர் 57 முதல் 72 வரை காத்திருக்க வேண்டியிருக்கும்; எது தாமதம், எது இயல்பு என்று தெரியாமல் சிசேரியனுக்கு முந்துவதும் பிந்துவதும் இதனால்தான்.

நான்கு குட்டி நான்கு மணி நேரத்தில். பிறகு இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை, முக்கலும் பலமில்லை. இந்த இடத்தில்தான், கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்துக்கடை ஆக்ஸிடாசின் ஒரு முழு ஆம்பூல் ஏறும், பல வீடுகளில். நாய்க்குத் தேவை ஒன்று இரண்டு யூனிட், சிலசமயம் அதற்கும் கீழ். கூடினால் கருப்பை இறுகியே நிற்கும், நஞ்சுக்கொடி பிரியும், உள்ளிருக்கும் குட்டி மூச்சுமுட்டும். குட்டி குறுக்கே சிக்கியிருந்தால் கருப்பையே கிழியும். இங்கே ஸ்கேனில் ஐந்தாவது குட்டியின் துடிப்பு நிமிடத்துக்கு 175. இயல்பு 200க்கு மேல். 180க்குக் கீழே எச்சரிக்கை, 160க்குக் கீழே அறுவைதான். வழி அடைக்கவில்லை என்று விரலால் பார்த்த பிறகு, முக்கலுக்கு வலு தரக் கால்சியம் குளுக்கோனேட்டும் ஒரு யூனிட் ஆக்ஸிடாசினும். இருபது நிமிடத்தில் பின்னங்கால் முன்னே வந்தது. அதில் பயமில்லை, ஏறக்குறைய பத்தில் நான்கு குட்டி அப்படித்தான் வரும். ஆறாவது செத்துப் பிறந்தது.

ஐந்தாவதைத் தலைகீழாக வீசி நீர் வடிக்க ஒருவர் கை நீட்டினார். வீசினால் மூளையில் ரத்தம் கசியும். துணியால் வாயைத் துடைத்து, முதுகைச் சுரசுரப்பான துண்டால் தேய்த்தால் போதும். மூன்று நிமிடத்தில் கத்தியது. எடை 360 கிராம். மற்றவை 400க்கு மேல்.

அதே குட்டி மூன்றாம் நாள் 10 கிராம் இழந்து, குளிர்ந்து, ஓரமாகக் கிடந்தது. உடனே பால் ஊட்டத்தான் எல்லோருக்கும் கை போகும். உடம்பு 35 டிகிரிக்குக் கீழே இருந்தால் குடல் நகராது, ஊட்டிய பால் உள்ளேயே புளிக்கும், அல்லது நுரையீரலுக்குப் போகும். முதலில் ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றி, பிறகுதான் தாயிடம். பசும்பாலில் தண்ணீர் கலப்பதும் தவறு. நாய்ப்பாலில் இருக்கும் புரதத்திலும் கொழுப்பிலும் பசும்பாலில் பாதிகூட இல்லை, அதையும் நீர்த்தால் என்ன மிஞ்சும்? சமையலறைத் தராசில் தினம் இருவேளை நிறுத்ததால்தான் இது மூன்றாம் நாளே தெரிந்தது. எல்லாக் குட்டியும் பத்தாம் நாளுக்குள் பிறந்த எடையை இரட்டித்தன.

ஐந்தாவது வாரம்

ஒரு குட்டி, தாய் உள்ளே வந்தும் எழாமல் தூங்கியது. விளையாட்டில் மற்றவை வீலென்று கத்தியும் விடாமல் கடித்தது. தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில், பின்னாலிருந்து விசில் அடித்துப் பார்த்தார்கள். அசைவில்லை. இரு காதும் செவிடு.

முழு வெள்ளை நாய்களில் இது எதிர்பார்க்கக்கூடியது. நிறம் தரும் செல்கள் உட்காதிலும் வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால் ரத்த ஓட்டம் தரும் திசு சிதைந்து, பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் மடியும். ராஜபாளையத்தில் பால் வெள்ளையையும் ரோஸ் மூக்கையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, நிறம் விழுந்த குட்டியைக் கழித்ததன் மறுபக்கம் இது. 2005இல் இந்திய அஞ்சல் துறையின் தபால்தலையில் ஏறிய இனம். சைதாப்பேட்டையில் அரசே வளர்ப்பு நிலையம் வைத்துக் காத்த இனம். ஆனால் குட்டி வாங்க வருபவர் இன்றும் முதலில் மூக்கைத்தான் பார்க்கிறார்.

விசில் சோதனை இரு காதும் போன குட்டியை மட்டுமே காட்டும். ஒரு காது கேட்கும் நாய் சாதாரண நாய்போலவே நடந்துகொள்ளும், ஆனால் அது பெற்றால் செவிட்டுக் குட்டிக்கு வாய்ப்பு கூடும். அதைக் கண்டுபிடிக்க, காதுக்கு ஒலி கொடுத்து மூளைத்தண்டின் மின்னலையை அளக்கும் பேயர் சோதனை வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது. இனப்பெருக்கத்துக்கு வைக்கும் நாய்க்கு ஆயுளில் ஒருமுறைதான் தேவை. இந்தப் பெட்டைக்கும் செய்யவில்லை, கடுவனுக்கும் செய்யவில்லை. உறவு பார்த்தார்கள், விந்து பார்த்தார்கள், ஹார்மோனை நாள்விட்டு நாள் பார்த்தார்கள். சினை பிடிக்குமா என்ற கேள்வி அத்தனை இடத்தையும் எடுத்துக்கொண்டதில், சினை பிடிக்கவைக்கலாமா என்பது கேட்கப்படாமலே போனது. நிகழ்வின் தோல்வி அந்த இடத்தில்தான்.

மற்ற நான்கும் எட்டு வாரம் முடிந்த பிறகே கைமாறின. 2017இன் நாய் இனப்பெருக்க விதிகள் அதற்கு முன் விற்பதைத் தடுக்கின்றன. 18 மாதத்துக்குக் குறைந்த நாயைச் சேர்ப்பதற்கும் அதே விதிகளில் தடை உண்டு. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கியவர்களிடம் எழுத்தில் கொடுத்தது: ஈற்றில் ஒன்று செவிடு, இந்தக் குட்டிக்குக் கேட்கிறது, ஆனால் இரு காதிலுமா என்று அளக்கவில்லை, அளக்காமல் இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம், வளர்க்க முடியாமல் போனால் இங்கேயே திருப்பிக் கொடுங்கள். இருவர் விலை குறைத்தார்கள். ஒருவர் வாங்காமல் போனார், அந்தக் குட்டிக்கு இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

செவிட்டுக் குட்டி வளர்ப்பவரிடமே தங்கியது. கைச்சைகைக்குப் பழகுகிறது, சுற்றுச்சுவர் இல்லாத இடத்தில் கயிறில்லாமல் விடுவதில்லை, தூங்கும்போது தொடாமல் தரையைத் தட்டி எழுப்புகிறார்கள். ஆறு மாதத்தில் கருத்தடை.

தாயை மறுபடி சேர்ப்பதில்லை என்று முடிவானது. சேர்க்காத ஒவ்வொரு ஹீட்டும் கருப்பைச் சீழுக்கு ஒரு வாய்ப்பு. ஹீட் முடிந்து நாலு முதல் எட்டு வாரத்தில், அதிகத் தண்ணீர் குடித்தல், சோர்வு, துர்நாற்றக் கசிவு என்று வரும், கசிவே இல்லாமலும் வரும். பால் வற்றி மடி சுருங்கிய பிறகு, குட்டிகளைப் பிரித்து பத்தாவது வாரம், கருப்பையும் சூலகமும் எடுக்கப்பட்டன. எடுத்த கருப்பையைத் திறந்து பார்த்ததில் உட்சுவர் சுத்தமாக இருந்தது.